எதோடு ஒப்பிட்டீர்கள்? விண்வெளிப் பொறியியலில் ஆய்வுக் கட்டுரை வெளியிட்ட அனுபவம்

கல்லூரி செயற்கைக்கோள் குழுக்களில் இருந்து என்னிடம் பேச வருகிற பிள்ளைகள் எடுத்தவுடன் கேட்பது ஒன்றுதான். "அக்கா, எந்த ஜர்னலுக்கு அனுப்பினா சீக்கிரம் வரும்?" நான் பதிலுக்கு, "உங்க ரிசல்ட்டை எதோட ஒப்பிட்டுப் பார்த்தீங்க?" என்று கேட்பேன். பாதிப் பேர் அதற்கு முழிப்பார்கள். மீதிப் பேர் "சிமுலேஷன் ஓடுச்சு அக்கா" என்பார்கள். சிமுலேஷன் ஓடத்தான் செய்யும், தப்பான சிமுலேஷனும் அழகாக ஓடும்.

இந்தத் துறையில் ஒரு வசதி இல்லை. பாலம் கட்டுகிறவர் போய்ப் பாலத்தைப் பார்த்துவிட்டு வரலாம். 500 கி.மீ. உயரத்தில் மணிக்கு 27,000 கி.மீ.க்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியை, நம் கட்டுரையை மதிப்பாய்வு செய்யும் ரிவ்யூவர் தொட்டுப் பார்க்க முடியாது, பெரும்பாலும் நம்மாலும் முடியாது. அதனால் கட்டுரையே தன் சாட்சியைக் கையோடு கொண்டுவர வேண்டியிருக்கிறது. அமெரிக்காவின் விமான, விண்வெளிப் பொறியாளர்கள் அமைப்பான ஏஐஏஏ நடத்தும் ஆய்விதழ்கள் இதைக் கொள்கையாகவே எழுதி வைத்திருக்கின்றன: எண்கணிப்பு முடிவு என்றால் அதன் துல்லியம் பற்றிப் போதுமான அளவு பேசியிருக்க வேண்டும், சோதனை முடிவு என்றால் அளவீட்டின் துல்லியம் சொல்லியிருக்க வேண்டும், இல்லையென்றால் ஏற்க மாட்டோம். கட்டுரை எழுதுபவர்களுக்கான வழிகாட்டிப் பக்கத்தில் யாரும் படிக்காத இடத்தில் இருக்கும் இந்த வரியைத்தான் நான் முதலில் படிக்கச் சொல்வேன்.

என் வேலை சிறிய செயற்கைக்கோள்கள் எத்தனை நாளில் கீழே விழும் என்று கணக்குப் போடுவது. கேட்க அபசகுனமாக இருக்கும், ஆனால் இன்றைக்கு அதற்குத் தேவை அதிகம். வேலை முடிந்த செயற்கைக்கோள் 25 ஆண்டுகளுக்குள் தாழ்சுற்றுப்பாதையை விட்டு இறங்க வேண்டும் என்பது நீண்ட காலம் இருந்த வழிகாட்டுதல். அமெரிக்காவின் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி 2022 செப்டம்பரில் அதை 5 ஆண்டாகக் குறைத்தது. ஆக, "எங்கள் க்யூப்சாட் 4 ஆண்டில் இறங்கிவிடும்" என்று ஒருவர் எழுதினால் அந்த 4 வெறும் எண் இல்லை, அனுமதி கிடைப்பதும் கிடைக்காததும் அதில் தொங்குகிறது.

இந்த வேலையை முதலில் மாநாட்டிலும் பிறகு ஆய்விதழிலும் கொண்டுவந்தோம். மாநாட்டில் யாரும் கடினமாகக் கேட்கவில்லை. பத்துப் பதினைந்து நிமிடம் பேசினோம், கைதட்டினார்கள், ஒருவர் கார்டு கொடுத்தார். ஆய்விதழில்தான் கேள்விகள் வந்தன, அந்தக் கேள்விகளை அப்படியே இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் இப்போது நான் ரிவ்யூவராக உட்காரும்போது கேட்பதும் இவற்றைத்தான்.

முதல் கேள்வி: இழுவிசைக் குணகம், அதாவது மெல்லிய காற்று செயற்கைக்கோளை எவ்வளவு தடுக்கிறது என்று காட்டும் எண், ஏன் 2.2? இந்தத் துறையில் எல்லோரும் 2.2 போடுவார்கள். 1960-களிலிருந்து வழிவழியாக வருகிற எண் அது. கச்சிதமான வடிவமுள்ள செயற்கைக்கோளுக்கு ஓரளவு பொருந்தும், சூரியத் தகடுகளை விரித்துக்கொண்டு பறப்பதற்கு அப்படியே பொருந்தாது. ரிவ்யூவர் 2.2 தப்பு என்று சொல்லவில்லை, ஏன் என்றுதான் கேட்டார். அந்த எண்ணைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்து முடிவு எவ்வளவு நகர்கிறது என்று ஒரு சின்ன அட்டவணை போட்டோம், அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. "வழக்கமாக எடுத்துக்கொள்ளப்படும் மதிப்பு" என்று மூன்று சொற்களில் கடந்துபோக நினைக்கிற இடத்தில்தான் ரிவ்யூவரின் பேனா நிற்கும்.

இரண்டாவது, சூரியன். மேல் வளிமண்டல அடர்த்திக்கு என்ஆர்எல்எம்எஸ்ஐஎஸ்ஈ-00 போன்ற ஒரு மாதிரியை எடுத்துக்கொள்வோம், அதற்குள் 10.7 செ.மீ. அலைநீளத்தில் அளக்கப்படும் சூரிய ரேடியோ அளவைக் கொடுப்போம். சூரியச் சுழற்சியின் அடிமட்டத்துக்கும் உச்சத்துக்கும் இடையில் 500 கி.மீ. உயரத்தில் அடர்த்தி பத்து மடங்கு வரைகூட, சில நேரம் அதற்கு மேலும் மாறும். அப்படியிருக்க, வருங்காலச் சூரியனுக்கு ஒரே ஒரு சராசரி எண்ணைக் கொடுத்துவிட்டு "ஆயுள் 4.3 ஆண்டு" என்று தசமப் புள்ளியோடு எழுதினால் படிப்பவருக்குச் சிரிப்பு வரும். 2022 பிப்ரவரி 3 அன்று ஏவிய 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் பெரும்பாலானவை திரும்ப விழுந்தது நினைவிருக்கலாம். அன்றைக்கு அடித்தது பெரிய காந்தப்புயல்கூட இல்லை, 210 கி.மீ. உயரத்தில் இருந்ததால் அதுவே போதுமானதாக இருந்தது. அந்த ஒரு சம்பவத்துக்குப் பிறகு எந்த ரிவ்யூவரும் "புயல் வந்தால்?" என்று கேட்காமல் விடுவதில்லை. ஒற்றை எண்ணுக்குப் பதிலாக வரம்பு கொடுங்கள், அந்த வரம்பு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லுங்கள்.

மூன்றாவது கேள்விதான் எனக்குப் பிடித்தது: எந்த ஆயச்சட்டகம், அதாவது நிலையை எந்த அச்சுகளை வைத்து அளந்தீர்கள்? செயற்கைக்கோளின் சுற்றுப்பாதை விவரத்தைத் தர டிஎல்இ என்று இரண்டு வரியில், வரிக்கு 69 எழுத்தாக ஒரு வடிவம் இருக்கிறது, துளை அட்டைக் காலத்து வழக்கம், இன்னும் அதையே பயன்படுத்துகிறோம். அதை எஸ்ஜிபி4 என்ற கணிப்பு முறையோடு மட்டும்தான் சேர்த்து ஓட்ட வேண்டும். அதற்கான அடிப்படை ஆவணம் 1980-ல் வந்தது, பின்னர் 2006-ல் வலாடோவும் கூட்டாளிகளும் நிரலோடு அதை மறுபடி சீராக்கிக் கொடுத்தார்கள். அந்தக் கணிப்பு தருகிற நிலை, அந்தந்த நாளின் பூமி அச்சை ஒட்டிய டெமே எனப்படும் சட்டகத்தில் இருக்கும். மற்ற மென்பொருள்கள் பெரும்பாலும் 2000-ம் ஆண்டுத் தொடக்க நிலையில் நிறுத்தி வைத்த ஜே2000 சட்டகத்தில் பேசும். பூமியின் அச்சு ஆண்டுக்குச் சுமார் 50 வில்விநாடி சுழன்று நகர்வதால், 25 ஆண்டில் இரண்டு சட்டகங்களுக்கும் மூன்றில் ஒரு பாகை வித்தியாசம் வந்துவிடும். தாழ்சுற்றுப்பாதையில் அது 40 கி.மீ. வரை போகும். மாற்றாமல் நேரடியாகக் கழித்துப் பார்த்து "எங்கள் முறையின் பிழை 40 கி.மீ." என்று எழுதி அனுப்பிய கட்டுரை ஒன்று மதிப்பாய்வுக்கு என் கைக்கு வந்திருக்கிறது. பாவம், அவர்கள் முறையில் கோளாறே இல்லை.

டிஎல்இ-யையே உண்மை நிலை என்று வைத்துக்கொண்டு ஒப்பிடுவதும் இதே வகைதான். அதற்குள்ளேயே கிலோமீட்டர் அளவில் பிழை இருக்கும், நாள் போகப் போகக் கூடும். உங்கள் முறை 100 மீட்டர் துல்லியம் என்று அதை வைத்து நிரூபிக்க முடியாது. செயற்கைக்கோளில் ஜிபிஎஸ் ரிசீவர் இருந்தால் அந்தத் தரவை எடுங்கள். இல்லையா, ஆயுள் கணிப்பு போன்ற விஷயத்துக்கு வேறு நல்ல வழி இருக்கிறது: ஏற்கெனவே விழுந்து எரிந்து முடிந்தவை. அவற்றின் பழைய டிஎல்இ வரலாறு முழுக்க ஸ்பேஸ்-ட்ராக் தளத்தில் பதிவு செய்தால் கிடைக்கும். அண்ணா பல்கலைக்கழகத்தின் அனுசாட்டையே எடுத்துக்கொள்ளலாம், 2009 ஏப்ரல் 20 அன்று பிஎஸ்எல்வி-சி12-ல் போனது, 40 கிலோ, 2012 ஏப்ரலில் வளிமண்டலத்துக்குள் இறங்கிவிட்டது. விடை தெரிந்த கணக்கு. உங்கள் நிரலுக்கு 2009-ன் நிலையை மட்டும் கொடுத்து அது எப்போது விழும் என்கிறது என்று பாருங்கள். நாங்கள் இப்படி விழுந்தவற்றின் பட்டியல் ஒன்றை எடுத்து ஒப்பிட்டுச் சேர்த்த பிறகுதான் கட்டுரைக்கு உயிர் வந்தது, எடிட்டரின் கடிதத்தில் தொனியே மாறியது.

நிரலைச் சரிபார்க்கத் தனியாக இன்னொரு படியும் உண்டு. சுற்றுப்பாதை கணக்கிடும் மென்பொருள்களான நாசாவின் ஜிமேட், ஓரெகிட் இரண்டும் இலவசம், திறந்த மூலம். அதே ஆரம்ப நிலை, அதே விசைகள் கொடுத்து, உங்கள் நிரலையும் அதையும் ஓட்டி வித்தியாசத்தை ஒரு வரைபடமாகப் போடுங்கள். அரை நாள் வேலை. ரிவ்யூவருக்கு அது பெரிய நிம்மதி.

ஒப்பிடுவது என்றால் சும்மா இன்னொரு எண்ணைப் பக்கத்தில் வைப்பது இல்லை என்பதற்கு இந்தத் துறையிலேயே ஊரறிந்த உதாரணம் ஒன்று இருக்கிறது. எரிபொருளே வெளியேற்றாமல் மூடிய உலோகப் பாத்திரத்துக்குள் மைக்ரோவேவ் அலையை வைத்து உந்துவிசை கிடைக்கும் என்று சொன்ன இஎம்டிரைவ். நாசா ஆய்வாளர்கள் குழு ஒன்று கிலோவாட்டுக்கு 1.2 மில்லிநியூட்டன் அளந்ததாக 2016-ல் 'ஜர்னல் ஆஃப் ப்ரொபல்ஷன் அண்ட் பவர்' இதழில் கட்டுரை வந்தது. சக மதிப்பாய்வு முடிந்த கட்டுரை. உலகம் முழுக்கச் செய்தி. பிறகு டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் டய்மாரின் குழு இன்னும் கவனமாக ஒரு தராசு அமைத்து அளந்தது. பாத்திரம் சூடாகி விரிந்ததால் வந்த நகர்வு மாதிரியானவைதான் உந்துவிசை போலத் தெரிந்திருக்கின்றன, அவற்றை நீக்கினால் மிச்சம் ஒன்றுமில்லை. எனக்கு இதில் முதல் குழு மீது கோபம் கிடையாது, அவர்கள் தங்கள் பிழை மூலங்களை எழுதித்தான் வைத்திருந்தார்கள். ஆனால் மில்லிநியூட்டனுக்கும் கீழே அளக்கிற எந்த உந்துகலன் கட்டுரை வந்தாலும், உந்துகலனுக்குப் பதில் அதே அளவு சூடாகும் வெறும் மின்தடையை வைத்து ஒருமுறை அளந்தீர்களா என்று நான் கேட்காமல் விட மாட்டேன். கல்லூரி ஆய்வகத்தில் குளிர்வாயு உந்துகலன் செய்கிறவர்களுக்கும் இது பொருந்தும்.

சரி, எங்கே அனுப்புவது? சர்வதேச விண்வெளி மாநாடு, அதாவது ஐஏசி, 1950-ல் பாரிஸில் தொடங்கியது, நம் நாட்டில் பெங்களூரிலும் 1988-ல், ஹைதராபாத்திலும் 2007-ல் நடந்திருக்கிறது. அங்கே முதலில் தேர்வாவது சுருக்கம்தான், 400 சொல்லுக்குள், வழக்கமாகப் பிப்ரவரி கடைசிக்குள் அனுப்ப வேண்டும். முழுக் கட்டுரையை வரிவரியாக யாரும் மதிப்பாய்வு செய்வதில்லை. அது மோசம் என்று சொல்லவில்லை, இன்னும் முடிக்காத வேலையைக் காட்டிக் கருத்துக் கேட்க அதைவிட நல்ல இடம் கிடையாது. எந்த அரங்குக்கு அனுப்புகிறோம் என்பதில் மட்டும் கவனம் வேண்டும். ஆயுள் கணிப்பை சி1 எனும் சுற்றுப்பாதை இயக்கவியலில் போட்டால் கணிதக்காரர்கள் வருவார்கள், ஏ6 எனும் விண்குப்பை அரங்கில் போட்டால் விதிமுறை எழுதுகிறவர்கள் வருவார்கள், பி4 சிறு செயற்கைக்கோள் அரங்கில் உங்களைப் போன்ற குழுக்கள் வரும். அதே வேலை, மூன்று விதமான கேள்விகள். இளைஞர்களுக்கு, இந்த மாநாட்டை நடத்தும் ஐஏஎஃப் அமைப்பு தரும் பயண உதவித்தொகை இருக்கிறது, அதற்கும் தேதி உண்டு, விடாதீர்கள். பதிவுக் கட்டணமும் விமானமும் விடுதியும் சேர்ந்தால் ஒரு குடும்பத்தின் சேமிப்பு போய்விடும்.

ஏஐஏஏ மாநாடுகளில் "கட்டுரை இல்லையேல் மேடை இல்லை, மேடை ஏறாவிட்டால் கட்டுரை இல்லை" என்று கறாரான விதி. சுருக்கம் ஏற்றார்கள் என்று நிம்மதியாக உட்கார்ந்துவிட முடியாது. விசா தாமதமானால் கட்டுரையும் போச்சு. அதனால் எழுதியவர்களில் வெளிநாட்டில் இருப்பவர் யாராவது இருந்தால் அவரையும் பேசத் தயார் செய்து வையுங்கள்.

ஆய்விதழ் என்று வந்தால், சர்வதேச விண்வெளிக் கழகத்தின் 'ஆக்டா ஆஸ்ட்ரோநாட்டிகா' பரந்த இதழ், எல்லாத் தலைப்புக்கும் இடம் உண்டு, ஐஏசி கட்டுரையை விரித்து எழுதி அனுப்புகிறவர்கள் அங்கே அதிகம். வடிவமைப்பு, பறப்பு அனுபவம் என்றால் 'ஜர்னல் ஆஃப் ஸ்பேஸ்கிராஃப்ட் அண்ட் ராக்கெட்ஸ்'. கட்டுப்பாடு, வழிநடத்தல் கணிதம் கனமாக இருந்தால் 'ஜர்னல் ஆஃப் கைடன்ஸ், கன்ட்ரோல் அண்ட் டைனமிக்ஸ்', அங்கே குறுங்கட்டுரை எழுதும் வசதியும் இருக்கிறது, ஒரே ஒரு கருத்துதான் உங்களிடம் இருக்கிறது என்றால் அதை இழுத்து முழுக் கட்டுரை ஆக்காதீர்கள். ஆனால் துறை இதழில்தான் போட வேண்டும் என்றும் கட்டாயமில்லை. விண்குப்பைகள் மோதி மோதிப் பெருகும் என்று டொனால்ட் கெஸ்லரும் பர்ட்டன் கூர்-பாலேயும் 1978-ல் எழுதியது வந்தது 'ஜர்னல் ஆஃப் ஜியோபிசிகல் ரிசர்ச்' இதழில், புவி இயற்பியல்காரர்கள் படிப்பது. உங்கள் மேற்கோள் பட்டியலைப் பாருங்கள், எந்த இதழ் அதிகம் வருகிறதோ உங்கள் வாசகர்கள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறார்கள்.

மாநாட்டுக் கட்டுரையை விரித்து அனுப்பும்போது எடிட்டருக்கான கடிதத்தில் அதைச் சொல்லிவிடுங்கள், புதிதாக என்ன சேர்ந்தது என்பதையும். இப்போது எல்லாரிடமும் ஒற்றுமை பார்க்கும் மென்பொருள் இருக்கிறது, சொல்லாமல் விட்டால் சொந்தக் கட்டுரையையே திருடியதாகிவிடும்.

அடுத்து அனுமதி. இதைப் பலர் கடைசியில் யோசிக்கிறார்கள். ஏவூர்தியும் ஏவுகணையும் தொழில்நுட்பத்தில் பங்காளிகள், அதனால் வழிநடத்தல், வளிமண்டல மறுநுழைவு, உந்துபொருள் பற்றி எழுதும்போது உலகம் முழுக்க ஏற்றுமதிக் கட்டுப்பாடு குறுக்கே வரும். அமெரிக்காவில் ஐடார் விதிகள், இங்கே ஸ்காமெட் பட்டியலின் ஐந்தாம் பிரிவு. அரசு நிறுவனத்தில் வேலை பார்ப்பவர் ஒருவர் உங்கள் கட்டுரையில் பெயர் சேர்க்கிறார் என்றால் அவர் அலுவலகத்தின் ஒப்புதல் கையில் வரும்வரை சுருக்கத்தைக்கூட அனுப்ப வேண்டாம். தனியார் நிறுவனம் என்றாலும் இதேதான். எங்களுக்கு, செயற்கைக்கோளைத் திருப்ப உதவும் எதிர்வினைச் சக்கரத்தின் சோதனைத் தரவு கொடுத்த ஒரு நிறுவனம், எழுதி முடித்து அனுப்புகிற வாரத்தில், வரைபடங்களின் அச்சில் இருக்கும் எண்களை எல்லாம் அழிக்கச் சொன்னது. எண் இல்லாத வரைபடத்தை எந்த ரிவ்யூவர் ஏற்பார்? எங்கள் பேராசிரியர் நிதானமாக, "ஏம்மா, எண்தான வேண்டாங்கறாங்க, விகிதம் போட்டா ஒத்துக்குவாங்களான்னு கேளு" என்றார். பெயரளவு மதிப்பால் வகுத்து விகிதமாகவும், பிழை வரம்பைச் சதவீதமாகவும் கொடுத்தோம், இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்டார்கள். இதை ஆரம்பத்திலேயே எழுத்தில் வாங்கிவிட்டால் நெஞ்சுவலி மிச்சம்.

படிக்க வழியில்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். நாசாவின் தொழில்நுட்ப அறிக்கைத் தளத்தில் ஐம்பதுகளின் காற்றுச்சுரங்கச் சோதனைகள் முதல் இலவசமாகக் கிடக்கின்றன. யூட்டா மாநிலப் பல்கலைக்கழகம் சிறு செயற்கைக்கோள் மாநாட்டுக் கட்டுரைகளைத் திறந்து வைத்திருக்கிறது, தோல்வியடைந்த திட்டங்களைப் பற்றி வெளிப்படையாக எழுதியவை அங்கேதான் எனக்கு அதிகம் கிடைத்தன. 2025 ஜனவரியில் இருந்து ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்தில் அரசுக் கல்வி நிலையங்களுக்குப் பெரிய பதிப்பகங்களின் இதழ்கள் திறந்திருக்கின்றன. தனியார் கல்லூரி மாணவர்கள் கட்டுரையை எழுதியவருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள், பெரும்பாலானவர்கள் மகிழ்ச்சியாக அனுப்புவார்கள்.

"மதிப்புக்குரிய டாக்டர் அவர்களே" என்று தொடங்கி மூன்று நாளில் வெளியிடுவோம் என்கிற மின்னஞ்சல்களைத் திறக்கவே வேண்டாம். மூன்று நாளில் எவரும் உங்கள் சுற்றுப்பாதையைச் சரிபார்க்க முடியாது. நல்ல இதழ்களில் முதல் பதிலுக்கே மாதக்கணக்கில் ஆகும், இந்தத் துறையில் ரிவ்யூவர்கள் குறைவு, எல்லாருக்கும் ஏவுதல் நெருக்கடி.

ரிவ்யூவருக்குப் பதில் எழுதுவதைத் தனி வேலையாகவே நினைக்க வேண்டும். ஒவ்வொரு கருத்தையும் அப்படியே ஒட்டி, அதன் கீழே பதில், அதன் கீழே கட்டுரையில் மாறிய வரி, பக்க எண்ணோடு. மறுக்கலாம், தாராளமாக மறுக்கலாம், ஆனால் ஒரு வரைபடத்தோடு மறுங்கள். இந்த இதழ்கள் பலவற்றில் உங்கள் பெயர் ரிவ்யூவருக்குத் தெரியும், அவர் பெயர் உங்களுக்குத் தெரியாது, எரிச்சலில் எழுதிய வரி சில மாதம் கழித்து மாநாட்டுத் தேநீர் இடைவேளையில் எதிரே வந்து நிற்கும். தன்னுடைய ஐந்து கட்டுரைகளை மேற்கோள் காட்டச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். பொருந்துவதைச் சேருங்கள், பொருந்தாததற்கு ஏன் என்று ஒரு வரி எழுதி எடிட்டரிடம் விட்டுவிடுங்கள்.

அப்புறம் பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, படிவமோ அதைக் கேட்காமல் நகராது. அப்பா பெயரைப் போட்டால் உலகம் முழுக்க அப்பா பெயரில்தான் மேற்கோள் வரும், எங்கள் வீட்டில் ராக்கெட்டே பார்க்காத என் அப்பா இன்று பல நாட்டுக் கட்டுரைகளில் மேற்கோள் காட்டப்படும் சுற்றுப்பாதை வல்லுநர். இனிஷியலை ஒரு கட்டுரையில் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் போட்டால் தேடுபொறி உங்களை இரண்டு ஆளாகப் பிரித்துவிடும். முதல் சுருக்கம் அனுப்புவதற்கு முன்பே ஒரு வடிவத்தை முடிவு செய்து, ஆய்வாளர்களுக்கான அடையாள எண்ணான ஆர்கிட் எண் ஒன்று வாங்கிவிடுங்கள், இலவசம்தான். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அதற்குப் பக்கத்தில் இருக்கட்டும், அழைப்புக் கடிதத்தை வைத்து விசாவுக்குப் போகும்போது தூதரகத்தில் கேள்வி வராது.

ஏற்றுக்கொண்டார்கள் என்ற கடிதம் வந்த பிறகு அச்சுப்படி வரும், ஓரிரண்டு நாளில் திருப்பிக் கேட்பார்கள். அப்போது முன்னுரையைப் படித்து ரசிக்காதீர்கள். சமன்பாடுகளில் கழித்தல் குறி, கீழ்க்குறிகள், அட்டவணையில் அலகு, வரைபடத்தின் அச்சில் கி.மீ.யா மீட்டரா, இதை மட்டும் பாருங்கள், முடிந்தால் அந்தக் கட்டுரையை எழுதாத ஒருவரிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தரவையும் நிரலையும் ஜெனோடோ போன்ற களஞ்சியத்தில் போட்டு அதன் எண்ணை அச்சுப்படியிலேயே சேர்த்துவிடுங்கள். வெளியான பிறகு சேர்க்க வேண்டுமென்றால் தனியாகத் திருத்த அறிவிப்புதான் போட வேண்டியிருக்கும்.